அந்தப் பூனைக்கு ஏற்கெனவே வீடு இருக்கலாம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீட்டுக்காரரிடம் “உங்களிடம் எத்தனை பூனை?” என்று கேட்டால் நேரான பதில் கிடைப்பது அரிது. “சாப்பிட வருவது மூன்று, படுக்க வருவது ஒன்று” என்பார். அந்த மூன்றில் ஒன்று பகல் முழுவதும் அரிசி மண்டியில் மூட்டைமேல் தூங்குகிற பூனையாக இருக்கும். இன்னொன்று எதிர்வீட்டில் பிறந்து வளர்ந்தது. அங்கே புதிதாக நாய் வந்ததும் கோபித்துக்கொண்டு வெளியேறியது. மூன்றாவதை யாரும் கொண்டுவரவில்லை, தானாக வந்தது. மாடு என்றால் இந்தக் குழப்பம் கிடையாது. அதன் காதில் 12 இலக்க எண் பொறித்த வில்லை தொங்குகிறது. எண்ணைப் பார்த்தால் உரிமையாளர் யாரென்று சொல்லிவிடலாம். ஆட்டின் முதுகில் சாயக் கோடு, கோழியின் இறக்கையில் சாயப் பொட்டு என்று மற்றவற்றுக்கும் ஏதோ ஓர் அடையாளம் வைத்துவிடுகிறார்கள். பூனைக்கு மட்டும் எதுவும் இல்லை. தெருவுக்குத் தெரியும், அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் ஓசூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், கிருஷ்ணகிரி, தர்மபுரியின் புதிய நகர்களிலும் தெருப் பூனையைப் பார்த்து இரக்கப்பட்டு வீட்டுக்குள் எடுத்து வளர்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துப் பெர்சியன் பூனை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எடுத்த பூனை உண்மையிலேயே ஆதரவற்றதுதானா என்று அவர்கள் விசாரிப்பது குறைவு. கழுத்தில் பட்டை இல்லை, உடம்பு மெலிந்திருக்கிறது, ஆகவே ஆளில்லாத பூனை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பூனைகள் வாழும் விதத்தைப் பார்த்தால், அந்த இரண்டு அடையாளங்களும் எதையும் சொல்வதில்லை என்பது தெரியும்.

பூனை மனிதனோடு ஒட்டிக்கொண்டதே தானியத்தால்தான். மேற்கு ஆசியாவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் விளைந்ததைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய இடத்தில் எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டில் இருந்த பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகிலேயே பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. கட்டி இழுத்து வந்து பழக்கிய விலங்கல்ல அது. தானாக வந்து, தனக்குச் சரிப்பட்டதால் தங்கியது.

கேழ்வரகு விளையும் நம் பக்கத்தில் அந்தப் பழைய ஏற்பாடு இன்னும் அப்படியே இருக்கிறது. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து வீடுகளில் ராகி மூட்டை இருக்கும்வரை பூனைக்கும் இடம் உண்டு. பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு அதன் தேவை இன்னும் அதிகம். புழு வளர்ப்பு மனையில் எலி புகுந்தால் புழுவையும் தின்னும், கூட்டையும் கடித்துத் துளைக்கும். துளை விழுந்த கூட்டிலிருந்து நூலை அறுபடாமல் இழுக்க முடியாது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோனாலும் கழித்துத்தான் வைப்பார்கள். பட்டுப்புழுவோ பூச்சிமருந்தின் வாடையைக்கூடத் தாங்காத உயிர். அதனால் மனையை ஒட்டி எந்த மருந்தையும் வைக்கத் தயங்குவார்கள். சுற்றிலும் ஒரு பூனை திரிந்தால் நல்லது என்று நினைப்பார்கள்.

அந்தப் பூனை வீட்டுக்குள் வந்து மெத்தையில் படுக்காது. அதன் கழுத்தில் யாரும் மணி கட்டமாட்டார்கள்; மணி ஒலித்தால் எலி எப்படிச் சிக்கும்? காலையில் ஒரு பிடி சோறு, கொஞ்சம் மோர், அவ்வளவுதான் சாப்பாடு. வயிறு நிறைந்தால் எலி பிடிக்காது என்று நம்பி அளவாகவே வைப்பார்கள். இந்த நம்பிக்கை சரியல்ல. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறார உண்ட பூனையும் ஓடுகிற எலியைத் துரத்தும். ஆனாலும் நம்பிக்கை நிற்கிறது, பூனையும் மெலிந்தே இருக்கிறது. ராயக்கோட்டைச் சாலையோரத்தில் ஒட்டிய வயிறோடும் கிழிந்த காதோடும் நடந்துபோகிற பூனை, மாலையில் ஒரு விவசாயி ‘வா, வா’ என்று குரல் கொடுத்ததும் வரப்பில் ஓடுகிற பூனையாக இருக்கலாம்.

ஆகவே உடம்பைவிட நேரத்தைக் கவனிப்பது பயன் தரும். உங்கள் வாசலுக்குத் தினமும் மாலை ஆறு மணிக்கு வந்து, தின்றுவிட்டு, ஏழு மணிக்கு ஒரே திசையில் போய்விடுகிற பூனைக்கு அந்தத் திசையில் வேறொரு வேலை இருக்கிறது. பகலும் இரவும் உங்கள் படிக்கட்டிலேயே கிடந்து, கதவு திறக்கும்போதெல்லாம் கத்துகிற பூனைக்குப் போக இடமில்லாமல் இருக்கலாம். வாலை நேராகத் தூக்கிக்கொண்டு வந்து காலில் உரசினால் அது மனிதரோடு வளர்ந்தது. இரண்டு வாரக் குட்டி முதல் ஏழு வாரக் குட்டி வரையான காலத்தில் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை பெரும்பாலும் பிற்பாடு அப்படி நெருங்காது. தட்டை வைத்துவிட்டு நீங்கள் தூரப் போனால்தான் வரும். இப்படி விலகி நிற்கிற பூனையைத்தான் உரிமையாளர் இல்லாதது என்று சொல்ல ஓரளவு இடமுண்டு. விந்தை என்னவென்றால், நாம் ஆசைப்பட்டு வீட்டுக்குள் எடுப்பது அதை அல்ல. காலில் உரசுகிறதைத்தான், அதாவது, யாரோ வளர்த்ததைத்தான்.

காதைப் பாருங்கள். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும். நுனி மட்டும் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை செய்யப்பட்டதற்கான அடையாளம் அது. பெங்களூருக்குப் பக்கத்தில் இருப்பதால் ஓசூரில் அப்படிப்பட்ட பூனையைப் பார்க்க வாய்ப்புண்டு. யாரோ அதைப் பிடித்து, மருத்துவரிடம் கொண்டுபோய், பணம் செலவழித்து, திரும்ப அதே இடத்தில் விட்டிருக்கிறார்கள். அந்த ஆள் இன்னும் அதற்குச் சோறு வைத்துக்கொண்டிருக்கலாம். விலை கொடுத்து வாங்கிய சாதிப் பூனைகளில் சிலவற்றுக்குத் தோலுக்கடியில் அரிசி அளவில் மைக்ரோசிப் இருக்கும். கருவி வைத்திருக்கும் மருத்துவர் பிடரியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் 15 இலக்க எண் தெரியும். நாட்டுப் பூனைக்கு அந்தச் சோதனை அநேகமாக வீண்.

எனக்குத் தெரிந்து மிகச் சிக்கனமான வழி காகிதப் பட்டை. ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். ‘இது உங்கள் பூனையா? எடுத்து வளர்க்க நினைக்கிறோம். தயவுசெய்து அழையுங்கள்’ என்று எழுதி, கைபேசி எண்ணையும் போட வேண்டும். பால் பாயின்ட் பேனாவே போதும். ஸ்கெட்ச் பேனா மை ஒரு தூறலில் கரைந்துவிடும். பூனை தின்றுகொண்டிருக்கும்போது கழுத்தைச் சுற்றிவிட்டு, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தி, முனைகளை ஒட்டுநாடாவின் சின்னத் துண்டால் ஒட்ட வேண்டும். நூல், ரப்பர் வளையம், கம்பி எதுவும் கூடாது. வேலியில் மாட்டினால் காகிதம் கிழிய வேண்டும், கழுத்து இறுகக் கூடாது. பிறகு பூனையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். வீடு இருந்தால் அது வீட்டுக்குப் போகும், உங்கள் கடிதமும் போகும். சில நேரம் ஒரே பூனைக்கு இரண்டு வீட்டிலிருந்து அழைப்பு வரும். பட்டை அப்படியே திரும்பி வந்தால் இன்னொருமுறை கட்டிப் பார்க்கலாம். ஒரு வாரத்துக்குள் விஷயம் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தாளைவிடத் தெரு வேகமானது. ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. “இது யாருடைய பூனை?” என்று கேட்டால் “யாருடையதும் இல்லை, சும்மா திரியும்” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவரே அதற்குத் தினமும் மீன்தலை போடுகிறவராக இருப்பார். என் பூனை என்று சொன்னால் நாளைக்கு அது யார் வீட்டுப் பாலைக் குடித்தாலும் தன் தலையில் விழும் என்ற பயம். கோழிக்குஞ்சு வளர்க்கிற தெருவில் அந்தப் பயம் நியாயமானதும்கூட. “அண்ணா, இந்தச் சாம்பல் பூனை எங்கே சாப்பிடும்? யார் வீட்டில் குட்டி போட்டது?” என்று கேட்டுப்பாருங்கள். “பகலில் மண்டியில் கிடக்கும் அம்மா, மத்தியானம் பாய் கடைக்குக் கறித்துண்டுக்கு வரும், போன தடவை டெய்லர் வீட்டுப் பரணில்தான் குட்டி போட்டது” என்று முழு வரலாறும் வரும். இஸ்திரி வண்டிக்காரர், பால் ஊற்றுகிறவர், வண்டியில் மீன் கொண்டுவருகிறவர் ஆகியோருக்கு எந்தப் பூனை எந்த வாசலில் காத்திருக்கும் என்பது அத்துப்படி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து புழங்கும் ஊர் இது; ஒரே பூனை நான்கு வீட்டில் நான்கு பெயருக்குத் திரும்பிப் பார்க்கும். கே.ஆர்.பி. அணைப் பக்கமும் ஒகேனக்கலிலும் மீன் வறுக்கும் கடைகளைச் சுற்றி நிற்கும் பூனைகளுக்கும் இது பொருந்தும். சுற்றுலா வந்தவர்கள் குட்டி அழகாக இருக்கிறதென்று காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதற்குக் கருணை என்று பெயர் வைக்க முடியாது. தாயும் அங்கேதான் நிற்கிறது, சோறு போடுகிற கடைக்காரரும் அங்கேதான் நிற்கிறார்.

புதிதாக ஒரு பூனை திடீரென்று முளைத்தால் கணக்கு வேறு. தீபாவளிக்கு மறுநாள் உங்கள் மாடிப்படிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும் பூனை, வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த வளர்ப்புப் பூனையாக இருக்கவே அதிக வாய்ப்பு. இரண்டு மூன்று தெரு தள்ளி யாரோ அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் ஓசூர்ப் பக்கம் பூனைக்குட்டிகள் சூட்டுக்காக வண்டியின் பானெட்டுக்குள் ஏறிப் படுக்கும். வண்டி கிளம்பினால் ஊர்விட்டு ஊர் வந்துவிடும். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைகள் சந்திக்கிற ஊர் என்பதால், லாரி நிறுத்தும் இடங்களில் தென்படும் பூனை எந்த மாவட்டத்துப் பூனை என்று யாராலும் சொல்ல முடியாது.

இவை தற்செயலாக நடப்பவை. வேண்டுமென்றே செய்வதும் இருக்கிறது. கோழிக்குஞ்சைத் தூக்கிய பூனையைச் சாக்கில் கட்டி, பைக்கில் வைத்து, ஆற்றைத் தாண்டியோ சந்தை கூடும் திடலிலோ விட்டுவிட்டு வருவது கிராமங்களில் பழைய வழக்கம். கொல்வது பாவம், விடுவது பாவமில்லை என்று ஒரு கணக்கு. நகரத்தில் இதே வேலையை வீடு மாறுகிறவர்கள் செய்கிறார்கள். ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை. பள்ளி விடுமுறை முடியும்போதும் ஆவணியிலும் தையிலும் வாடகை வீடுகள் கைமாறும். சிப்காட் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போகிற குடும்பம் கட்டில், பீரோ எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பூனையை மட்டும் விட்டுவிட்டுப் போகும். ‘பூனை வீட்டோடு இருக்கும், ஆளோடு வராது’ என்று அதற்கு ஒரு சமாதானமும் தயாராக இருக்கும். பூட்டிய வீட்டு வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பூனையைப் பார்த்தால், அக்கம்பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் எண்ணை வாங்கி ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று அவர்கள் வாயால் சொல்லிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி.

பெண் பூனை என்றால் தூக்குவதற்கு முன் வயிற்றைப் பார்த்தாக வேண்டும். முலைக்காம்புகள் புடைத்து இளஞ்சிவப்பாக, சுற்றியுள்ள முடி நக்கி நக்கித் தேய்ந்து இருந்தால், பக்கத்தில் எங்கோ வைக்கோல்போரிலோ மரக்கடையிலோ குட்டிகள் காத்திருக்கின்றன. அதை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் ஓர் உயிரைக் காப்பாற்றி நான்கு உயிரைப் பட்டினி போட்டதாகும். இதன் மறுபக்கமும் நடக்கிறது. தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில் தனியாகக் கத்தும் குட்டிகளைப் பார்த்து ‘தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது’ என்று அள்ளிக்கொண்டு போகிறார்கள். பூனை தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றும். நடுவழியில் ஒரு குட்டி சிறிது நேரம் தனியாக இருக்கும். தூரத்தில் நின்று சில மணி நேரம் பார்த்த பிறகே தாயில்லை என்ற முடிவுக்கு வரவேண்டும். எறும்பு மொய்த்தால், உடம்பு குளிர்ந்திருந்தால், நாய் நெருங்கினால் அப்போது யோசிக்க நேரமில்லை, எடுத்துவிட வேண்டியதுதான்.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பகுதிகள் காட்டை ஒட்டியவை. காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அங்கே விரிந்து கிடக்கிறது. அறுவடை நேரத்தில் வயலுக்குள் கிடைக்கும் குட்டிகள் சில சமயம் வீட்டுப் பூனையின் குட்டிகளே அல்ல. காட்டுப்பூனையின் குட்டிக்கு உடம்பில் கோடுகள் இருப்பதால் நாட்டுப் பூனைக்குட்டியைப் போலவே தோன்றும். வளர்ந்த பிறகுதான் நீண்ட கால்களும், குட்டையான வாலின் நுனியில் கறுப்பு வளையங்களும், கோடற்ற மணல் நிற உடம்புமாக வேறுபாடு தெளிவாகும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இவற்றைப் பாதுகாக்கிறது. வீட்டில் வைத்திருப்பது குற்றம். வயலின் நடுவில் கிடைத்த குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டு ஒதுங்கினால் தாய் இருட்டியதும் வந்து கொண்டுபோக வாய்ப்பு அதிகம். வரவில்லையென்றால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

சரி, தெருவில் திரியும் பூனையை எடுப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? பூனையை எடுத்துப்போனதற்காக நம் ஊரில் யாரும் காவல் நிலையம் ஏறுவது அபூர்வம். இருந்தாலும் சட்டத்தின் யோசனை கவனிக்கத்தக்கது. வளர்ப்பு விலங்கு என்பது அசையும் சொத்து. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. அதில், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவன் இன்னொருவருடைய நாயைக் கொண்டுபோகும் கெட்ட எண்ணத்தோடு, சட்டைப்பையில் இரையை வைத்துக்கொண்டு அதைத் தன் பின்னால் வரவைக்கிறான். நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கிய கணத்திலேயே திருட்டு நடந்துவிட்டது என்கிறது சட்டம். மத்தி மீன் வாலைக் காட்டிப் பக்கத்துத் தெருப் பூனையைப் பழக்குகிறவர்கள் இதைப் படித்துவைக்கலாம். ஆனால் அங்கே கெட்ட எண்ணம் இருக்க வேண்டும். இரக்கப்பட்டு எடுப்பவருக்குப் பொருந்துவது 314ஆம் பிரிவு. யாருடைய கையிலும் இல்லாத பொருளை, உரியவருக்காகப் பாதுகாக்கவோ திருப்பிக் கொடுக்கவோ எடுத்தால் குற்றமில்லை. உரியவர் யாரென்று தெரிந்திருந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், நியாயமான அளவுக்கு விசாரிக்காமல், நியாயமான காலம் காத்திராமல் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டால் குற்றம். எத்தனை நாள், எத்தனை வீடு என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்று விட்டிருக்கிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இதன் அடுத்த பகுதியைச் சொல்கிறது. கண்டெடுத்த பொருளைக் கையில் வைத்திருப்பவர், ஒருவர் ஒப்படைத்த பொருளைக் காப்பவரைப் போன்ற பொறுப்பு உடையவர் என்பது 71ஆம் பிரிவு. அதைக் காப்பாற்றச் செலவழித்ததற்காக உரிமையாளர்மீது வழக்குப் போட முடியாது, ஆனால் அந்தச் செலவைத் தரும்வரை பொருளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம் என்பது 168ஆம் பிரிவு. கால் முறிந்த பூனைக்கு வைத்தியம் பார்த்தவரிடம் உரிமையாளர் வந்து “என் பூனையைக் கொடு” என்று நின்றால், 150 ஆண்டுக்கு முந்தைய இந்தப் பிரிவு மருத்துவச் சீட்டை நீட்டச் சொல்கிறது. விலங்குகளுக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1960, பட்டினியால் வாடும்படி விலங்கைக் கைவிடுவதையும் குற்றம் என்கிறது. முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை! சாக்கின் விலைகூட அதைவிட அதிகம். கொல்வதும் விஷம் வைப்பதும் அப்படியல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை சிறைக்கு இடமிருக்கிறது.

விசாரித்தாயிற்று, காத்திருந்தாயிற்று, யாரும் வரவில்லை. இனி எடுக்கலாம். இங்கேதான் நல்ல மனம் படைத்தவர்கள் அறியாமல் ஒரு கெடுதலைச் செய்கிறார்கள். தயிர்சோறும் பாலும் தின்று தெருவில் நன்றாக இருந்த பூனைக்கு வீட்டுக்குள்ளும் அதையே கொடுக்கிறார்கள். தெருவில் அது தயிர்சோற்றால் மட்டும் வாழவில்லை. எலி, பல்லி, ஓணான், தத்துக்கிளி எல்லாம் தின்று வாழ்ந்தது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடலால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். எலியின் உடம்பில் அது தாராளமாக இருக்கிறது, தயிர்சோற்றில் அநேகமாக இல்லை. கதவைச் சாத்தியதும் எலி நின்றுபோகிறது. மாதக்கணக்கில் இப்படிப் போனால் விழித்திரை கெட்டுப் பார்வை மங்கும், இதயத் தசை பலவீனமாகும். சைவ வீடு என்பதற்காகப் பூனையும் சைவமாகிவிடாது. மாமிசம் சமைக்காத வீட்டார் பூனைக்கென்று விற்கும் உலர் தீவனத்தையாவது வாங்க வேண்டும். அதுவும் முடியாதென்றால் வாசலில் தண்ணீரும் கொஞ்சம் சோறும் வைத்து அதை வெளியிலேயே விட்டுவிடுவது பூனைக்கு நல்லது. பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பசும்பால் செரிக்காது, கழிச்சல் தரும். குழம்பில் கிடந்த மீனை அப்படியே போடவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த கோழியும் கொஞ்சம் ஈரலும் உப்பு காரமில்லாமல் கொடுக்கலாம்.

மருத்துவரிடம் கொண்டுபோவதற்கு விலை உயர்ந்த பெட்டி தேவையில்லை. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கிரேடு இரண்டை எடுத்து, அடியில் பழைய துண்டைப் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து நான்கு மூலையிலும் கயிற்றால் கட்டினால் போதும். காற்றும் வரும், பூனையும் தப்பாது. கட்டைப்பையில் போட்டு பஸ்ஸில் போனால் பாதி வழியில் பை மட்டும்தான் இருக்கும். கிராமத்துக் கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஏற்பட்டவை. பூனையைக் கொண்டுபோனால் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள், ஆனால் பார்ப்பார்கள். பூனைக்கான கூட்டுத் தடுப்பூசி எல்லா இடத்திலும் இருக்காது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. சிக்கலான நோய்க்கு இங்கிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, ஓசூர்க்காரர்கள் என்றால் பெங்களூருக்கோ போகிறார்கள்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் புதியதை இரண்டு வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும். குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் பூனைக் கழிச்சல் நோயின் வைரஸ் தரையிலும் தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். காய்ச்சலாக இருக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள்; ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். நாயின் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு. பிடிக்கும்போது கடித்தாலோ இரத்தம் வரக் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அது இலவசம். பூனைக்கடிதானே என்று மஞ்சள் வைத்து விடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. வெறிநோய் பூனையாலும் வரும்.

கருத்தடையில் ஒரு நெருடல் இருக்கிறது. பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைக்குத் தயாராகும். சுமார் 9 வாரத்தில் குட்டி போடும். கட்டுப்படுத்தாவிட்டால் தெரு நிறைந்துவிடும் என்பதால், எடுத்த கையோடு அறுவை சிகிச்சை செய்துவிடத்தான் யாருக்கும் தோன்றும். அது பட்டுப்புழு மனைக்காரர் அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்கும் பூனையாக இருந்தால்? நான்கு வீட்டுப் பொதுப் பூனை என்றால் நான்கு வீட்டிலும் சொல்லிவிட்டுச் செய்வது முறை. சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். குட்டிகளைச் சாக்கில் கட்டும் வேலை யாருக்கும் பிடித்தமானது அல்ல. செலவில் பங்கு கேட்டால் அங்கேதான் பேச்சு நிற்கும்.

எடுத்து வளர்த்து சில மாதம் ஆனபின் ஒருவர் வந்து “இது எங்கள் பூனை” என்று சொன்னால் என்ன செய்வது? பழைய புகைப்படம் கைபேசியில் இருக்கிறதா, வயிற்றுப் பக்கம் எந்த நிறம் என்று சொல்வாரா என்று கேட்கலாம். கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு மூன்றும் கலந்த பூனையைக் ‘கடுவன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் பார்த்து வளர்க்கவில்லை என்று பொருள். அந்த நிறக் கலவை அநேகமாகப் பெண் பூனைக்கு மட்டுமே வரும். அடையாளம் பொருந்தினால் கொடுத்துவிடுவதுதான் சரி, எவ்வளவு பிரியம் வைத்திருந்தாலும். ஆனால் பட்டையும் கட்டாமல், தடுப்பூசியும் போடாமல், மாதக்கணக்கில் தேடியும் பார்க்காமல் இருந்தவர் எடுத்தவரைக் குறைசொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நெடுஞ்சாலை வீட்டு வாசல்வரை வந்துவிட்ட ஊரில் பூனையை அடையாளமின்றித் திரியவிட்டால் பாதிப் பொறுப்பு அவருடையது. இருவரும் ஒரே தெருவில் இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது: பூனையிடமே விட்டுவிடுவது. பகலில் ஓரிடம், இரவில் ஓரிடம் என்று அது ஏற்பாடு செய்துகொள்ளும். எந்த வீட்டில் எப்போது தடுப்பூசி போட்டார்கள் என்பதை மட்டும் இரு வீட்டாரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இரண்டு முறை போட்டுவிடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள்.

பூனை வைத்திருப்பவர்கள் இந்தத் தொல்லையையெல்லாம் தவிர்க்க ஒரு பட்டை வாங்கிக் கட்டலாம். இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி உள்ள பட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். நாய்க்குட்டிப் பட்டை வேண்டாம், மரக்கிளையில் மாட்டினால் பூனை தொங்கிவிடும். எலி பிடிக்க மணி இடைஞ்சல் என்றால் மணியைக் கழற்றிவிடலாம். பட்டையின் உட்புறத்தில் அழியாத மையால் கைபேசி எண்ணை எழுதினால் போதும். எண் மாறினால் பட்டையிலும் மாற்ற வேண்டும்.